கட்டிலருகே ஒரு கல்சிய அட்டவணை: மலையகத் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றின் சேவை குறித்து

எலிக்காய்ச்சலால் சிறுநீரகங்கள் செயலிழந்த என் மாமா, மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் இருந்தார். அவற்றுள் ஐந்து நாட்கள், இரவு பகலாக ஓடும் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருந்தார். வைத்தியசாலையின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வந்த விஞ்ஞான ஆசிரியை நான். ஆகையால் என் கண் முதலில் போய் நின்றது அவர்கள் கல்சியத்தைக் கையாண்ட விதத்தில்தான்.

மாமாவின் குருதியமுக்கம் மருந்தின் தயவில் நின்றதால், நான்கு மணித்தியாலத்தில் முடியும் வழக்கமான டயலிசிஸை அவருடைய உடல் தாங்காது என்று வைத்தியர்கள் முடிவுசெய்தார்கள். மெதுவாக ஓடும் இயந்திரத்தில் உள்ள தொல்லை, குருதி வடிகட்டிக்குள் உறைந்துவிடுவது. ஹெப்பரின் கொடுத்தால் உடல் முழுவதும் குருதி உறைவது தடைப்படும். குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருந்தவருக்கு அது ஆபத்து. எனவே, குருதி இயந்திரத்துக்குள் நுழையும் இடத்திலேயே சிட்ரேட்டைக் கலந்தார்கள். குருதி உறைவதற்குக் கல்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வடிகட்டி அடைபடாமல் ஓடுகிறது. இப்படிப் பிடிபட்டதில் ஒரு பகுதி கழிவுநீரோடு வெளியேறிவிடுவதால், அந்த இழப்பை வேறொரு குழாய் வழியாகக் கல்சியம் ஏற்றி ஈடுசெய்ய வேண்டும். மருந்தளவு கூடினாலும் குறைந்தாலும் இதயத்துடிப்பு தடுமாறும்.

ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், தாதி ஒருவர் இரண்டு ஊசிக்குழல்களில் வெள்ளைப் பட்டி ஒட்டி, ஒன்றில் ‘உடல்’ என்றும் மற்றதில் ‘வடிகட்டி’ என்றும் எழுதிய பின்னரே குருதி எடுத்ததைப் பார்த்தேன். வடிகட்டியைக் கடந்த குருதியில் அயன் கல்சியம், அதாவது எதனாலும் பிடிபடாமல் தனித்திருக்கும் கல்சியம், லீற்றருக்கு 0.25 முதல் 0.35 மில்லிமூல் வரையும், உடலின் குருதியில் 1.0 முதல் 1.2 வரையும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அட்டவணை. அன்று ‘உடல்’ என்ற நிரலில் 0.31 என்று விடை வந்தது. எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அப்போதே கல்சியத்தை அவசரமாக ஏற்றியிருப்பார்கள். அந்தத் தாதியோ திரையில் இதயத்துடிப்பைப் பார்த்தார். கல்சியம் குறைந்தால் வரும் விறைப்பு உதட்டைச் சுற்றி இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டார். பிறகு புதிதாகக் குருதி எடுத்தார். 1.08. பரிசோதனை இயந்திரத்தருகே குழல்கள் இடம் மாறியிருந்தன. தவறு நடந்ததை என்னிடம் மறைக்கவுமில்லை.

மூன்றாம் நாள் மாமாவின் கண்கள் மஞ்சளானதும் வைத்தியர் கவலைப்பட்டார். சிட்ரேட்டைப் பைகாபனேற்றாக மாற்றுவதில் பெரும்பங்கு ஈரலுக்கு உண்டு. ஈரல் சோர்ந்தால் சிட்ரேட் குருதியிலேயே தேங்கி, மொத்தக் கல்சியம் ஏற, அயன் கல்சியம் இறங்கும். மொத்தத்தை அயனால் வகுத்து வரும் விகிதம் 2.5ஐத் தாண்டினால் அபாயம் என்று ஒரு தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டே காட்டினார். மாமாவுக்கு அது 2.2க்கு மேல் போகவில்லை.

குறைகளும் உண்டு. கையிருப்பு தீர்ந்த ஓர் இரவில், கல்சியம் குளோரைட்டை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். பாமசியில் குளுக்கோனேற்றைத் தந்துவிட்டார்கள். இரண்டுமே பத்து வீதம், பத்து மில்லிலீற்றர்; ஆனால் முன்னையதில் ஏறத்தாழ 6.8 மில்லிமூல் கல்சியம், பின்னையதில் 2.2 அளவுதான். தாதி பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தடுத்ததால் தப்பினோம். இத்தகைய மருந்தை நடுச்சாமத்தில் உறவினர் தேடி அலையவிடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. காத்திருக்கும் இடத்தில் கதிரை போதாது என்பதெல்லாம் சிறிய விடயம்.

சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அத்தை அதில் கைநாட்டு வைக்குமுன், பொகவந்தலாவையிலிருந்து வந்து பணிபுரியும் தாதி ஒருவர், “அக்கா, இந்த மெசின்ல ரத்தம் வெளிய போய் சுத்தமாகித் திரும்ப உள்ள வரும், பயப்படாதீங்க” என்று கூறி ஒவ்வொரு வரியாக விளக்கினார். அவர் விடுமுறையில் இருக்கும் நாளில் வருபவர்களுக்கு யார் விளக்குவார்களோ தெரியாது.

ஐந்துக்கு நான்கு புள்ளி தருகிறேன். குறைத்த ஒன்றில் பாதி அந்த இரவு அலைச்சலுக்கு, மீதிப் பாதி அந்தப் படிவத்துக்கு.