பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்க

நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 185 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் போகும் தூரத்தில் பாதிகூட வராது. ஆனால் திருச்சியில் இருக்கும் சித்தியைப் பார்ப்பதற்கு, லண்டனிலிருந்து ஊருக்கு வந்த நாங்கள் இரவு முழுவதும் பஸ்ஸில் தெற்கே போய், கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மறுபடியும் வடக்கே பறந்துகொண்டிருந்தோம். 2025 மார்ச் 30 அன்று இரு ஊர்களுக்கும் நேரடி விமானம் தொடங்கியதால் இம்முறை அந்தச் சுற்று இல்லை. நான் வழக்கமாக டிக்கெட் எடுக்கும் லண்டன் முகவருக்கு இப்படியொரு சேவை இருப்பதே தெரியவில்லை. கொழும்பு வழியாகத்தான் போக முடியும் என்று சாதித்தார். கடைசியில் நானே இணையத்தில் எடுத்துக்கொண்டேன்.

அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். மேலெழுந்து தரை தொடும்வரை முக்கால் மணி நேரம்தான். அதை நம்பி, திருச்சியில் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தூரம் எவ்வளவு குறைந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்; பெட்டிச் சோதனை, குடிவரவு, சுங்கம் எதுவும் குறையாது. வீட்டு வாசலிலிருந்து சித்தி வீட்டு வாசல்வரை கணக்குப் பார்த்தால், வானத்தில் இருந்ததுதான் ஆகச் சிறிய பகுதி. கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலை மட்டும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

பலாலி ஓடுபாதையின் நீளம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. அதனால் வருவது விசிறி சுழலும் ஏடிஆர் 72. பின்பக்கக் கதவால் ஏற வேண்டும். பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள். தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டியை அதற்குள் திணிக்கப் பார்த்த ஐயா ஒருவர், இறுதியில் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டார். பெட்டி நிறையப் பனங்கட்டியும் ஒடியலும் கட்டுபவர்கள், லண்டன் விமானத்தின் எடைக்கணக்கு இங்கேயும் செல்லும் என்று எண்ண வேண்டாம். டிக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக் கட்டுங்கள்.

ஆனால் ஜன்னல் ஓரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறையாது; அதிக உயரமும் போவதில்லை. செம்மண்ணும் பனையும் முடிந்த கையோடு கடல். தேநீர் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் பாக்கு நீரிணை முடிந்து, அதிராம்பட்டினம் பக்கத்துக் கரை தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வயலும் ஏரியும்தான்.

இதெல்லாம் புதுமை என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலிதான்) வழியாகத்தான் சென்னைக்குப் போனது. போர் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோதும், சில மாதங்களிலேயே கொரோனா குறுக்கிட்டது.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் இந்திய விசாவை ஊருக்குப் புறப்படுமுன்பே எடுத்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தை அச்சிட்டே கொண்டுபோங்கள். என்னிடம் பலாலியிலும் கேட்டார்கள், திருச்சியிலும் கேட்டார்கள். திரும்பி வரும்போது இலங்கைக்கு மறுபடி நுழைய வேண்டும் என்பதால், உங்கள் இலங்கை அனுமதி இரண்டாம் முறைக்கும் செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.