வெட்பாலை எண்ணெயும் ஏழு தலையணை உறைகளும்

போன வாரம் கல்லூரி நண்பன் போன் செய்தான். "வெட்பாலை எண்ணெய் தேய்க்கிறியாமே, கேக்குதாடா?" அவனுக்கும் முழங்கையில் செதில் உதிர ஆரம்பித்திருக்கிறது. கேக்குது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் ஏழாவது தலையணை உறை பாழாகியிருந்தது. "வேண்டாம், உனக்குச் சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்குக் காளாஞ்சகப்படை, அதாவது சொரியாசிஸ். தலையிலும் முழங்கைகளிலும். முதலில் கடை எண்ணெய்தான் வாங்கினேன். நிறம் வெளிறி, கற்பூர வாசனை தூக்கலாக இருந்தது. ஒரு பாட்டிலோடு சரி. 4 வருடமாக நானே போடுகிறேன்.

சித்தப்பா தோட்டத்து வேலியோரம் வெட்பாலை மரம் நிற்கிறது. கிள்ளினால் பால் வரும். காய்கள் ஜோடியாகத் தொங்கும், இரண்டின் நுனியும் ஒட்டியிருக்கும். குடசப்பாலைக்கு அப்படி ஒட்டாது, தனித்தனியாகத் தொங்கும். தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். கால் கிலோ இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையால் கிழித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, அரை லிட்டர் தேங்காயெண்ணெய் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைப்பேன். அடுப்பே கிடையாது. முதல் முறை ஈரத்தோடு போட்டு, பத்தே நாளில் சிக்கு வாடை வந்து மொத்தத்தையும் கொட்டினேன்.

அதற்கப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. முதல் நாள் மதியமே கிழிந்த ஓரங்களிலிருந்து மை கசிவதுபோல ஊதா இறங்கும். மூன்றாம் நாள் நாவல்பழச் சாறு. ஏழாம் நாள் வடிகட்டும்போது நிழலில் கறுப்பு, வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊதா. இதைப் பார்க்கவே இன்னொரு ஜாடி போடலாம். மார்கழி விடியலில் பாட்டிலோடு உறைந்து, ஊதா மெழுகு மாதிரி நிற்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் அப்படித்தான். வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

அந்த ஊதாவேதான் என் எதிரியும். இரவு தலையில் தேய்த்துப் படுத்தால் உறையில் ஒரு வட்டம். துவைத்தால் போகாது, சாம்பல் நீலமாக அங்கேயே நிற்கும். அவுரி மாதிரி இந்த இலையிலிருந்தும் நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சாயத்தைத் தலையில் பூசிக்கொண்டு கறை படுகிறதே என்று புலம்பினால் யார் தப்பு? ஆனால் பழைய வாடகை வீட்டில் கட்டில் தலைமாட்டுச் சுவரிலும் ஒரு ஊதா வட்டம் விழுந்து, காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கறுப்பு உறையும் வாங்கிப் பார்த்தேன். கறை தெரியவில்லை. உதிர்ந்த செதில்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

நியாயமாகப் பேசினால், எண்ணெய் மேல் குறை சொல்ல முடியாது. செதில் இளகுகிறது, அரிப்பு அடங்குகிறது, இரவில் சொறிந்துகொண்டே எழுவதில்லை. நோய் போய்விட்டதா? இல்லை. இரண்டு முறை கிளம்பி முதுகு வரை பரவியபோது தோல் மருத்துவரிடம்தான் ஓடினேன். அவர் தந்த களிம்பில் சட்டென்று அடங்கியது. எண்ணெய், நடுவில் இருக்கும் நாட்களுக்கு.

நண்பனுக்கு நான் சொன்ன பதிலை மாற்றப்போவதில்லை. அவன் வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாதவன், வீட்டில் கைக்குழந்தை வேறு. கேட்டால் சின்ன பாட்டில் ஒன்று தருகிறேன், முழங்கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்க்கட்டும். மாடியில் அரை லிட்டர் காய்கிறது, இன்று நாலாம் நாள்.