“எல்லா ஃபார்மட்டும் ஓடும்” என்று விற்ற பெட்டி: நான் ஏமாந்த கதை

கணினியில் இருக்கும் வீடியோக்களை டிவியில் பார்க்கலாம் என்று டிவியோடு இணைக்கும் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டியை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. போட்டும் பயனில்லை, அதே பெட்டி வேறு வேறு பெயரை ஒட்டிக்கொண்டு பத்து இடத்தில் விற்கிறது. எதில் ஏமாந்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆரம்பித்தது ஒரு சின்னத் தொல்லையில். காசு கொடுத்து வாங்கிய புளூரே வட்டுகளை எம்கேவி கோப்புகளாகக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. “என்னப்பா, ஊமைப் படமா?” என்றார் அப்பா. இந்த ஆடியோவை டிவி ஏற்காது என்று திரையின் மூலையில் ஒரு வரி வந்து மறைந்தது.

எம்கேவி என்பது வெறும் டப்பா. அதற்குள் படம் ஒரு கோடெக்கில் (சுருக்கிப் பதியும் முறையில்) இருக்கும், ஒலி வேறொரு கோடெக்கில் இருக்கும். என் கோப்பில் படம் எச்.264, ஒலி டிடிஎஸ். படத்தில் டிவிக்குச் சிக்கல் இல்லை. டிடிஎஸ் என்பது டிவி நிறுவனம் உரிமம் வாங்கிச் சேர்க்க வேண்டிய சமாச்சாரம். பல டிவிகளில் அது இருப்பதில்லை, எங்கள் டிவியிலும் இல்லை. இவ்வளவையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, “டிவி சரியில்லை, ஒரு பெட்டி வாங்கிவிடலாம்” என்பதுதான். கணினி வேறு அறையில் இருக்கிறது. அப்பா யாரையும் எதிர்பார்க்காமல் ரிமோட்டை அழுத்திப் படம் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

விளம்பரத்தில் எழுதியிருந்தவை: 4கே, 60 ஃபிரேம், எச்.265, டிடிஎஸ், ஆண்ட்ராய்டு 12, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், “எல்லா ஃபார்மட்டும் ஓடும்”. விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அதில் பாதிப் பேர் “சீக்கிரம் வந்து சேர்ந்தது, பேக்கிங் அருமை” என்றே எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட எந்தக் கோப்பைப் போட்டுப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. டிடிஎஸ் கோப்பில் சத்தம் வந்தது, அப்பாவுக்கு மகிழ்ச்சி. மூன்றாம் நாள், போனில் 4கேவில் எடுத்த பயண வீடியோ ஒன்றைப் போட்டேன். கணினித் திரையில் எண்ணி எடுக்கலாம் போலத் தெரிந்த இலைகள் டிவியில் பச்சைக் கூழாகத் தெரிந்தன. டிவி ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்தினால் 3840 x 2160, 60 ஹெர்ட்ஸ் என்றே காட்டியது. பிறகு ஏன் மங்கல்?

சரி, சோதித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிக்சல் உயரத்தில் கறுப்புக் கோடு ஒன்று, வெள்ளைக் கோடு ஒன்று என்று மாற்றி மாற்றி 2160 வரிக்கும் நிரப்பி ஒரு படம் தயாரித்தேன். உண்மையான 4கேவில் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். நடுவில் எங்காவது 1080 வரியாகச் சுருக்கினால் இரண்டிரண்டு கோடுகள் கலந்து எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். பெட்டியில் சாம்பல்தான் வந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “ஐயா, மெனுவும் போட்டோவும் 1080இல்தான் வரும், வீடியோ மட்டும் 4கேவில் வரும்” என்று பதில் வந்தது. இதில் அவர் சொன்னது நியாயம். நல்ல பெட்டிகள் பலவும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆகவே அதே கோடுகளை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைக் கொண்டு பத்து விநாடி வீடியோவாக்கிப் போட்டேன். அதுவும் சாம்பல். அதே வீடியோவை மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அதே டிவிக்குக் கொடுத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. (இந்தச் சோதனைக்கு முன் டிவியில் ஓவர்ஸ்கேனை, அதாவது ஓரங்களை வெட்டிப் படத்தைப் பெரிதாக்கும் அமைப்பை, அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பெட்டியும் தோற்றுவிடும்.) ஆக, பெட்டி படத்தை 1080ஆகச் சுருக்கி, அதையே மறுபடி இழுத்து 4கே அளவில் டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்ஃபோ பொத்தான் காட்டுவது வந்து சேரும் சிக்னலின் அளவை மட்டும்தான்.

சந்தேகம் வந்துவிட்டால் விடாதல்லவா? அமைப்புகளில் “ஆண்ட்ராய்டு 12” என்று எழுதியிருந்தது. வன்பொருள் விவரம் காட்டும் செயலியை நிறுவிப் பார்த்தால் ஏபிஐ நிலை (ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் உள் எண்) 25 என்றது. 25 என்றால் ஆண்ட்ராய்டு 7.1. ஆண்ட்ராய்டு 12க்கு 31 இருக்க வேண்டும். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சேமிப்பிடம் இன்னும் மோசம். 64 ஜிபி என்று காட்டியதை நம்பி முப்பது ஜிபி அளவுக்குக் கோப்புகளை ஏற்றினேன். எல்லாம் ஏறியதாகவே சொன்னது. பெயர்கள் இருந்தன, அளவுகளும் சரியாக இருந்தன. ஆனால் முதல் சில கோப்புகளைத் தவிர வேறு எதுவும் திறக்கவில்லை. ஏற்றிய கோப்புகளைத் திரும்பக் கணினிக்கு எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட 5 ஜிபிக்கு மேல் எழுதிய எல்லாமே குப்பை. இடம் தீர்ந்த பிறகும் “எழுதிவிட்டேன்” என்று பொய் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். போலி பென்டிரைவ்களில் செய்யும் அதே வேலை. நல்லவேளை, மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தேன். “பெட்டியில்தான் ஏற்றியாச்சே” என்று கணினியில் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம்தான் விற்றவரோடு மல்லுக்கட்டு. கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் “வருந்துகிறோம் ஐயா”. முதலில் ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பிறகு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அது இருட்டாக இருக்கிறது, மறுபடி எடுங்கள் என்றார்கள். அடுத்து ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) என்று ஒரு இணைப்பு. அதைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நாள். நான்காவது “வருந்துகிறோம்” வந்தபோது திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. அவர்கள் இழுத்தது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. உடனே பேச்சு மாறியது: பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது, நீங்கள் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை ஐந்தாக மாற்றினால் பணத்தில் பாதியைத் தருகிறோம். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் எப்படிக் கொட்டிக் கிடந்தது என்பதற்கும் இதிலேயே பதில் கிடைத்தது. நான் மாற்றவில்லை, பணமும் வரவில்லை. விற்றவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தளத்தின் வழியாகத் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்திருக்க வேண்டும். அது என் தவறு.

பணம் போனதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. பெட்டியோடு வந்த தாளில் “செயலிகள் நன்றாக ஓட கூகுள் பிளே புரொடெக்டை அணைக்கவும்” என்று ஒரு வரி இருந்தது. செயலிகளில் தீநிரல் (மால்வேர்) இருக்கிறதா என்று பார்க்கும் காவல் அது. யோசிக்காமல் அணைத்தேன். பிறகொரு நாள் வேறு எதற்கோ ரௌட்டரின் பதிவேட்டைப் பார்த்தபோது, யாரும் டிவி பார்க்காத நடுராத்திரியில் அந்தப் பெட்டி எனக்குத் தெரியாத முகவரிகளோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. என்ன பேசியது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்குத் திறமை இல்லை. ஆனால் மலிவுப் பெட்டிகளில் தீநிரல் தொழிற்சாலையிலிருந்தே வருவது புதிய கதை அல்ல. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்பவர், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியின் ஃபர்ம்வேரிலேயே தீநிரல் இருந்ததை வெளியிட்டார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தீநிரல் புகுந்த கருவிகளால் ஆன பேட்பாக்ஸ் 2.0 என்ற வலைப்பின்னலைப் பற்றி எச்சரிக்கை விட்டது. இப்படிப்பட்ட பெட்டிகள் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகள் பயன்படுத்தத் திறந்துவிடுகின்றன என்பது அதன் சாரம். சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகளில் ஒன்றாக அதில் சொல்லப்பட்டிருப்பது, பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வது! தாளில் அந்த வரியைப் படித்தபோதே பெட்டியை மூடி வைத்திருக்கலாம். ஃபர்ம்வேரிலேயே இருப்பது ரீசெட் செய்தால் போகாது. பெட்டியில் நான் உள்நுழைந்திருந்த கணக்குகளின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். அதற்கே ஒரு நாள் போனது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத சங்கதி, இந்தப் பெட்டியே தேவைப்பட்டிருக்கவில்லை என்பது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் டிடிஎஸ்ஸிலிருந்து ஏசி3 என்ற இன்னொரு கோடெக்குக்கு மாற்றினால் போதும், அதே டிவி சத்தத்தோடு ஓட்டுகிறது. படத்தை மறுபடி என்கோட் செய்யாததால் ஒரு முழு நீளப் படத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. போனில் எடுத்த 4கே வீடியோவையும் டிவியின் யுஎஸ்பி துளையே நேரடியாக ஓட்டியது. நான் முயன்றே பார்க்கவில்லை. பென்டிரைவை மட்டும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் ஃபேட்32 என்ற பழைய முறை ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டாலே ஏற்காது. அவசரத்துக்கு மடிக்கணினியும் எச்டிஎம்ஐ கேபிளும் இருக்கின்றன. என் மடிக்கணினியில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஆனால் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவுக்கு அது தாராளம்.

இதையெல்லாம் கேட்டும் பெட்டிதான் வேண்டும் என்பவர்கள், கூகுள் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே ஏபிஐ நிலையைப் பாருங்கள். சேமிப்பிடத்தை முழுவதும் நிரப்பி, திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

போன வாரம் வந்த தம்பி, அலமாரியில் கிடந்த அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீ சும்மாதானே வெச்சிருக்க, நான் எடுத்துக்கட்டுமா?” என்றான். நாள் முழுக்க பேங்க் வேலைகளைப் போனில் செய்கிறவன் அவன். அவனுடைய வைஃபையில் இதைக் கோத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்.