சீஸ்டார் எஸ்50: இரண்டு மார்கழிக்குப் பிறகு

வாணியம்பாடியில் 22 வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். இந்தத் தொழிலில் அமாவாசை என்றால் லீவு. மார்கழி என்றால் மாதம் முழுக்க லீவு. வானத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடத் தோதான பிழைப்பு கிடையாது. நிலா இல்லாத இரவும் மழை ஓய்ந்த மாதமும் சேர்ந்தே வாய்க்கின்றன. ஆடியிலும் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் அப்போது மேகம் விடாது.

வானத்தைத் தானே தேடிப் படம் எடுக்கும் சீஸ்டார் எஸ்50 என்ற டெலஸ்கோப்பை 2024 டிசம்பரில் வாங்கினேன். பில், கூரியர் எல்லாம் சேர்த்து 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. அதற்கு முன்னால் தண்டம் கட்டிய கதையைச் சொல்லாமல் இதைப் பற்றிச் சொன்னால் பாதி விஷயம்தான் புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் தண்டம் 2019-ல். ஆன்லைனில் வாங்கிய 114 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப், கம்பெனி பெயர் வேண்டாம். குவியத்தூரம் 1000 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருந்தது, குழாயோ அரை மீட்டர்தான் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஃபோகஸர் குழாய்க்குள் ஒரு சின்ன லென்ஸைச் சொருகிக் குவியத்தூரத்தை இழுத்து நீட்டுகிற வகை அது. நிலாவுக்குப் பரவாயில்லை. என் கேமராவை மாட்டினால் ஃபோகஸே ஆகாது. இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போனால் சரியாகிவிடும் என்ற இடத்தில் ஃபோகஸர் முட்டிக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு வாங்கிய நல்ல கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டினேன்.

இரண்டாவது, ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஈக்வடோரியல் மவுண்ட். பூமி சுற்றும் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால் நட்சத்திரத்தோடு கூடவே சுழன்று வரும். அதன் மேல் என் 200 மி.மீ. லென்ஸைப் போட்டு எடுக்கலாம் என்பது திட்டம். மவுண்ட் நல்ல மவுண்ட்தான். கோளாறு நான் நிற்கும் ஊரில் இருந்தது. அச்சைச் சரிபார்க்கத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51 டிகிரி, நல்ல உயரத்தில் ஜம்மென்று தெரியும். வாணியம்பாடியில் பன்னிரண்டரை டிகிரி. என் மாடியில் அந்த உயரத்தில், மிகச் சரியாக வடக்கில், பக்கத்து வீட்டுக்காரரின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி இல்லாத இடத்துக்குப் போனால் அடிவானத்துப் புகைமூட்டம். மவுண்டை அவ்வளவு கீழே சாய்த்தால் எதிர்எடைக் கம்பி டிரைபாட் காலில் இடிக்கிறது. ஜவ்வாது மலைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒன்றரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து சரிசெய்து, ஷட்டரை அழுத்தும்போது மேகம் வந்த இரவுகள் மூன்று. நாலாவது தடவை வண்டியில் ஏற்றவே கை வரவில்லை.

இப்போது சீஸ்டார். சீனாவின் இசட்டபிள்யூஓ கம்பெனி 2023-ல் கொண்டுவந்தது. டெலஸ்கோப், கேமரா, மோட்டார், ஃபில்டர், பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் ஹீட்டர், பேட்டரி எல்லாம் ஒரே டப்பாவுக்குள். எடை இரண்டரை கிலோ. முன்பக்க லென்ஸ் 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ., அதாவது எஃப்5. உள்ளே சோனியின் ஐஎம்எக்ஸ்462 சென்சார், 1920 பெருக்கல் 1080 பிக்சல். ஆமாம், வெறும் இரண்டு மெகாபிக்சல். 45 மெகாபிக்சல் கேமராவில் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருப்பவனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது, எல்லாம் போன் திரையில்தான்.

முதல் இரவு 2024 டிசம்பர் 30, அமாவாசை. மச்சினன் வண்டி ஓட்டினான். ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். வழியில் காவலூர், வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து நிற்கும் இடம். நான் மடியில் 5 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு அதைக் கடந்தேன். ஜமுனாமரத்தூர் தாண்டித் தெரிந்தவர் ஒருவரின் சாமை அறுத்த நிலத்தில் இறங்கினோம்.

டிரைபாடை விரித்து மட்டம் பார்த்து, ஸ்விட்சைப் போட்டு, போனை அதன் வைஃபையில் இணைத்தேன். பட்டியலில் ஓரியன் நெபுலாவை, அதாவது விண்வெளியில் ஒளிரும் ஒரு வாயு மேகத்தை, தொட்டதும், மடங்கியிருந்த கை எழுந்து ஒரு படம் எடுத்தது. அந்தப் படத்தில் இருந்த நட்சத்திரங்களின் அமைப்பைத் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தான் எங்கே பார்க்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டது. பிறகு தானே நகர்ந்து, தானே ஃபோகஸ் செய்து, நெபுலாவை நடுவில் நிறுத்தியது. துருவ நட்சத்திரத்தை அது கேட்கவே இல்லை. மணி பார்த்தேன், ஸ்விட்ச் போட்டு ஆறு நிமிஷம்.

"என்ன மாமா, அவ்வளவுதானா?" என்றான் மச்சினன். அவன் ஃப்ளாஸ்கைக்கூடத் திறக்கவில்லை.

பத்து பத்து விநாடியாக எடுத்து, நன்றாக வந்ததை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஆடியதையும் மங்கியதையும் தள்ளிவிடுகிறது. திரையில் முதலில் மணல் தூவியது போலப் புள்ளி. ஐந்தாவது நிமிஷத்தில் இளஞ்சிவப்பு இறக்கை, இருபதாவது நிமிஷத்தில் நெபுலாவைச் சுற்றியிருக்கும் மெல்லிய தூசிப் படலம்கூட வந்துவிட்டது. நடு மையம் மட்டும் வெளுத்துப் போகும். அங்கே இருக்கிற நாலு நட்சத்திரங்களுக்குப் பத்து விநாடியே அதிகம். மண்டபத்தில் ஃபோகஸ் லைட் நேராக அடித்த மாப்பிள்ளை நெற்றி மாதிரி இருக்கும்.

எனக்கு அன்று சந்தோஷமும் வருத்தமும் பாதிப் பாதி. ஐஎஸ்ஓ கிடையாது, அபர்ச்சர் கிடையாது, ஃபோகஸ் ரிங்கை என் விரல் தேடிக்கொண்டே இருந்தது. போட்டோவை அதுதான் எடுத்தது, நான் இடம் காட்டினேன். ஆனால் மூன்று வருடத்தில் அந்த மவுண்ட் தராததை ஒரு ராத்திரியில் ஏழு படமாகத் தந்துவிட்டது. மார்கழி, தை, மாசி, பங்குனி என்று நமக்கு வருடத்தில் நாலைந்து அமாவாசைதான் உருப்படி. அதிலும் ஒன்றிரண்டை மேகம் தின்றுவிடும். மிச்சத்தில் ஒன்றரை மணி நேரத்தை நட்டு முறுக்குவதற்குக் கொடுக்க என்னால் முடியாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களுக்கு நம் ஊரில் காத்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. இந்தக் கருவி மேலும் கீழும், இடமும் வலமும்தான் நகரும். அதனால் நட்சத்திரம் நடுவிலேயே இருந்தாலும் படம் மெதுவாகச் சுழலும். இந்தச் சுழற்சி தலைக்கு மேலே போகப் போக அதிகமாகும். லண்டனில் ஓரியன் நெபுலா உச்சிக்கு வரும்போது உயரம் 33 டிகிரிதான், சுழற்சி மணிக்குச் சுமார் 11 டிகிரி. ஜவ்வாது மலையில் அதே நெபுலா 72 டிகிரி உயரத்தில் நிற்கும், சுழற்சி மணிக்கு 47 டிகிரி. அவர்கள் தைரியமாக 30 விநாடி வைக்கலாம். நாம் வைத்தால் மூலையில் இருக்கிற நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டுவிடும்.

நான் கண்ட வழி எளிது. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி ஏறக்குறைய இல்லவே இல்லை. எனவே ஒன்பது மணிக்குக் கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஓரியனை முடித்துவிடுங்கள். அது உச்சிக்கு வரும் நேரத்தில் வேறு ஒன்றுக்குப் போய்விடுங்கள். உச்சியில் பத்து விநாடியைத் தாண்டாதீர்கள்.

2025-ல் ஈக்வடோரியல் முறையும் மென்பொருளில் வந்துவிட்டது. டப்பாவையே துருவ நட்சத்திரம் பக்கம் சாய்த்து வைத்தால் சுழற்சி போய்விடும். லண்டன்காரர் லேசாகச் சாய்த்தால் போதும். நமக்கு அச்சு தரையிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான், அதாவது இரண்டரை கிலோ டப்பா ஏறக்குறையப் படுத்தே விடும். கூடவே வரும் சின்ன கார்பன் டிரைபாடில் இதைச் செய்யாதீர்கள், குப்புற விழும். நான் கல்யாண வீடியோவுக்கு வைத்திருக்கும் கனமான டிரைபாடில் மாட்டி, அதன் ஹெட்டைச் சாய்த்து, ஒரு காலை வடக்கே நீட்டி, நடுவில் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு எடுக்கிறேன். அதன் பிறகு 30 விநாடிப் படங்கள் சுத்தமாக வருகின்றன. எங்கள் மாடியில் மட்டும் தண்ணீர்த் தொட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கிரகம் எடுக்க வாங்காதீர்கள். ஒரு பிக்சலுக்கு 2.4 ஆர்க் விநாடி வருகிறது (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க் விநாடி). வியாழன் பெரிதாகத் தெரியும்போது 45 ஆர்க் விநாடி. வகுத்துப் பாருங்கள், பத்தொன்பது பிக்சல். சனி வளையத்தோடு சேர்ந்தும் அவ்வளவுதான். இதில் வியாழனின் பட்டையும் சனி வளையத்தின் பிளவும் எங்கே தெரியும்?

படத்தின் அகலம் 0.7 டிகிரி, நீளம் 1.3 டிகிரி. நிலா அரை டிகிரி, அழகாக உட்காரும். சூரியனும் அப்படியே. அதற்கான ஃபில்டர் பெட்டியிலேயே வருகிறது, முதலில் அதை மாட்டிவிட்டு அப்புறம்தான் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். ஆண்ட்ரோமீடா காலக்ஸி மூன்று டிகிரி நீளம், ஒரு சட்டத்தில் அடங்காது, நடுப்பகுதிதான் கிடைக்கும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் மொசைக் வசதி உண்டு. ஆனால் பரப்பு கூடக் கூட நேரத்தையும் அள்ளிக் கொடுக்க வேண்டும். அகலம்தான் முக்கியம் என்றால் இதன் தம்பி எஸ்30 இருக்கிறது. 30 மி.மீ. லென்ஸ், 150 மி.மீ. குவியத்தூரம், 1.2க்கு 2.1 டிகிரி பரப்பு, விலையும் குறைவு. டுவார்ஃப் 3 என்று இன்னொன்றும் உண்டு, அது 35 மி.மீ. இரண்டையும் நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை. சின்னச் சின்ன காலக்ஸிகளுக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் 250 மி.மீ. வேண்டும் என்று எஸ்50-ஐ எடுத்தேன், அதில் வருத்தமில்லை.

அந்த வருத்தமில்லாமைக்குக் காரணம் ஒமேகா சென்டாரி. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாக மொய்க்கும் உருண்டை. லண்டனில் இது எழும்புவதே இல்லை. நமக்குப் பங்குனிக் கடைசியில் நள்ளிரவில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும். பத்து விநாடிப் படம் 120, மொத்தம் இருபது நிமிஷம். சட்டத்துக்குள் இடம் மிச்சம் வைத்து உட்கார்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்களையே பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவனுக்கு அன்று கொஞ்சம் திமிர் வந்தது.

ஊருக்குள் எடுக்க உள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்கள் விடுகிற குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விட்டுத் தெருவிளக்கைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வாயு நெபுலாக்களுக்கு மாடியிலேயே இது உதவுகிறது. காலக்ஸிக்கும் நட்சத்திரக் கொத்துக்கும் உதவாது, அவை எல்லா நிறத்திலும் ஒளிர்கிறவை. மாடியில் இன்னொன்று கவனியுங்கள். இரும்புத் தகரக் கூரைக்கு அருகில் வைத்தேன், திசைகாட்டி குழம்பித் தெற்கைக் கிழக்கென்று தேடிக்கொண்டிருந்தது. தள்ளி வைத்ததும் சரியாயிற்று.

பேட்டரி ஆறு மணி நேரம் என்கிறார்கள். மலைப்பனியில் ஹீட்டரைப் போட்டால் எனக்கு ஐந்துதான் வந்தது. டைப்-சி ஒயரில் பவர் பேங்கை மாட்டிவிட்டால் விடியும் வரை ஓடும். உள்ளே 64 ஜி.பி. இடம்.

செயலியில் படத்தை வழவழப்பாக்கும் ஏஐ பொத்தான் ஒன்று இருக்கிறது. மணப்பெண் முகத்தை அப்படி ஆக்கிக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் அரிசி வேகிறது, அதனால் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நெபுலாவில் அதை அழுத்தாதீர்கள். தனித்தனிப் படங்களைச் சேமிக்கச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் சிரில் என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை நாலு மடங்காக்கினால் புள்ளி இரைச்சல் பாதியாகும் என்ற கணக்கு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். என் விரலுக்கு வேலை மறுபடி கிடைத்ததும் அங்கேதான்.

அம்மாவிடம் முதல் படத்தைக் காட்டியபோது, "போன்லதான பாக்குற? அப்ப நெட்லயே பாத்துக்கிட்டா ஆகாதா, எதுக்குடா அறுபதாயிரம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பரணிலிருந்து அந்த 114-ஐ இறக்கி நிலாவைக் காட்டினேன். கால் மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் கண்ணால் பார்க்கத்தான் டெலஸ்கோப் வேண்டும் என்றால் சீஸ்டார் வேண்டாம். இதே பணத்துக்கு ஓர் ஆறு அங்குலமோ எட்டு அங்குலமோ டாப்சோனியன் (எளிய ஸ்டாண்டில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்) விசாரியுங்கள். சனி வளையத்தை நேரில் பார்த்தவர்கள் போன் திரையைத் தேடமாட்டார்கள்.

வாங்குவதென்றால் இந்திய பில்லும் வாரண்டியும் உள்ள கடையாகப் பார்த்து வாங்குங்கள். சரிசெய்ய வேண்டி வந்தால் திருப்பி அனுப்புகிற செலவே பாதி விலையைத் தின்னும். பிரிண்ட் போடுகிறவர்கள் எட்டுக்குப் பன்னிரண்டைத் தாண்டாதீர்கள், இரண்டு மெகாபிக்சல் அதற்கு மேல் தாங்காது. நான் ஓரியனை அந்த சைஸில் போட்டு ஸ்டூடியோவில் இரண்டு ரிசப்ஷன் படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறேன். போன தையில் ஆல்பம் பேச வந்த பெண்ணின் அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லைட்டிங் நல்லா இருக்கே, இது எந்த மண்டபம் தம்பி?" என்று கேட்டார்.