சேர்ந்து பழக எந்த எட்யூட்: கார்காசியா, சோரா, வில்லா-லோபோஸா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு கூடும் எங்கள் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு: அடுத்து எல்லாரும் எந்த எட்யூட்டை எடுப்பது? எட்யூட் என்றால் நம் வர்ணம் மாதிரிதான், கைக்குப் பயிற்சி, மேடையிலும் வாசிக்கலாம். தனியாகப் பழக எது நல்லது என்பது வேறு கேள்வி. ஒரே பாடத்தை ஆளாளுக்கு வீட்டில் பழகி வந்து மற்றவர் முன்னால் வாசிக்கும்போது எதனால் அதிக லாபம் என்பதுதான் என் கணக்கு. போட்டியில் இருப்பவர்கள் கார்காசி, சோர், வில்லா-லோபோஸ் என்ற மூன்று இசையமைப்பாளர்கள்.

கார்காசியின் ஓபஸ் (படைப்பு எண்) 60-ல் 25 எட்யூட்கள், மெல்ல மெல்லக் கடினமாகும். 3-ஆவதில் ஆர்பெஜியோவுக்கு (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) மேலே மெட்டு, 7-ஆவதில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப, ஏறக்குறைய ட்ரெமோலோ. ஒவ்வொன்றிலும் சிக்கல் என்னவென்று பார்த்ததுமே தெரிந்துவிடும், புதிதாக வந்தவரும் பயப்படாமல் சேரலாம். ஆனால் வாசித்து முடித்ததும் பேச ஒன்றும் இருக்காது. "சுத்தமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் தே தாரிக் குடிக்கப் போய்விடுவார்கள்.

வில்லா-லோபோஸின் 12 எட்யூட்கள் கிட்டார் கலைஞர் செகோவியாவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டவை. இளசுகளுக்கு இதன் 1-ஆவது மேல் தீராத காதல். வலது கைக்கு ஏறத்தாழ முழுக்க ஒரே ஆர்பெஜியோ, எந்த விரல் என்றுகூட நோட்ஸிலேயே போட்டிருக்கிறது, நடுவில் இடது கை ஒரே கார்டு வடிவத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு ஃபிரெட்டாக (கழுத்தின் குறுக்குக் கம்பி) கீழே இறங்கும். கேட்கப் பிரமாதம். குழுவில் எடுத்தால் வேகப் போட்டியாகிவிடுகிறது, ஒருவர் மெட்ரோனோமின், அதாவது தாளக் கருவியின், வேகத்தை ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றுவார், மோதிர விரல் அடிக்கும் சுரம் மட்டும் காணாமல் போகும். "மெதுவா வாசிங்க" என்பதைத் தவிர எதிரே இருப்பவர் சொல்ல ஒன்றுமில்லை. மோதிர விரலின் பலமும் நகத்தின் வடிவமும் வீட்டில் தனியாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியவை. பெரிய கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர் இதை ஆசிரியரிடம் போய்ப் பார்ப்பதே நல்லது.

என் ஓட்டு சோருக்கு. அவருடைய ஓபஸ் 6, 29, 31, 35 ஆகியவற்றிலிருந்து செகோவியா 20 எட்யூட்களைத் தேர்ந்தெடுத்து 1945-இல் வெளியிட்ட தொகுப்பைத்தான் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். அதில் 5-ஆவது, பி மைனரில் இருப்பது. நோட்ஸைப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று இருக்கும். மேலே மெட்டு பாட வேண்டும், நடுச் சுரங்கள் அடங்கியிருக்க வேண்டும், கீழே பேஸ் அறுந்துபோகக் கூடாது, இதெல்லாம் 2-ஆவது ஃபிரெட்டில் பாரே (ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல தந்திகளை அழுத்துவது) பிடித்த கை வலித்துக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். வாசிப்பவருக்கு மெட்டு தனியாகக் கேட்கிறதா என்று தெரியாது, அவர் கவனம் முழுக்கக் கையில். எதிரே இருப்பவர் அதை உடனே சொல்லிவிடுவார். குழு என்று ஒன்று இருப்பதே இதற்குத்தானே? அப்புறம் ஃபிங்கரிங் தகராறு. சோர் மோதிர விரலை அளவாகத்தான் பயன்படுத்தியவர், அதனால் மெட்டை மோதிர விரலால் எடுப்பவரும் நடுவிரலால் எடுப்பவரும் அதே எட்டு தாளக் கட்டங்களை அடுத்தடுத்து வாசித்துக் காட்டலாம், வித்தியாசம் காதிலேயே தெரியும். (ஏசி அறையிலிருந்து கிட்டாரை வெளியே கொண்டுவந்தால் முதலில் ட்யூன் பாருங்கள். கே.எல். புழுக்கத்தில் சுருதி இறங்கிய கிட்டாரை வைத்துக்கொண்டு மெட்டைப் பற்றி வாதாடுவது வீண்.)

பாரே இன்னும் பிடிக்க வராதவர்களை இதில் இழுத்துவிட வேண்டாம், அவர்கள் கார்காசியின் 3-ஐ எடுத்துக்கொண்டு கூடவே வரட்டும். சோரை முடிவு செய்தால் "அஞ்சாவது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது செகோவியா போட்ட எண். ஓபஸ் 35, எண் 22 என்று சொல்லுங்கள், இல்லையென்றால் யாராவது வேறொன்றைப் பழகிக்கொண்டு வந்து நிற்பார்.