எஸ்எஃப் 7-ஆ, எஸ்எஃப் 12-ஆ: தரவுப் பதிவி வலையமைப்புக்கான ரேடியோ அமைப்புகள்

நீர்மட்டம், வெப்பநிலை, ஈரப்பதம் போன்றவற்றை அளக்கும் தரவுப் பதிவிகளை லோரா எனப்படும், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ வழியே இணைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பரவல் காரணியை, அதாவது எஸ்எஃப் 7 முதல் 12 வரையுள்ள அமைப்புகளில் எது வேண்டும் என்பதை. இந்த எண் கூடக் கூடச் செய்தி மெதுவாகப் போகும், ஆனால் அதிகத் தொலைவிலும் கேட்கும். தூரம் எட்டாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் எல்லாப் பதிவிகளிலும் 12-ஐ வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது தவறான தேர்வு என்பதே என் கருத்து.

எஸ்எஃப் 12-இன் பலம் உண்மையானதுதான். இரைச்சலைவிட 20 டெசிபல் தாழ்ந்த சமிக்ஞையையும் ஏற்பி படித்துவிடும். எஸ்எஃப் 7-இல் இந்த எல்லை 7.5 டெசிபல் மட்டுமே. இடையிலுள்ள 12.5 டெசிபல், தடையற்ற வெளியில் நான்கு மடங்குக்கும் சற்று அதிகமான தூரத்துக்குச் சமம். மரங்களும் சுவர்களும் குறுக்கிட்டால் அந்த ஆதாயம் வெகுவாகச் சுருங்கும். இதற்கான விலையை நேரத்தில் செலுத்துகிறோம். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 4/5 பிழைதிருத்தக் குறியீட்டுடன் 20 பைட் செய்தியை அனுப்ப எஸ்எஃப் 7 சுமார் 57 மில்லி விநாடி எடுத்துக்கொள்ள, எஸ்எஃப் 12-க்கு 1.32 விநாடி ஆகிறது. அதாவது 23 மடங்கு நேரம். அனுப்புவதற்கான பேட்டரிச் செலவும் அதே 23 மடங்கு.

ஒரே அலைவரிசையில் 60 பதிவிகள் நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால், எஸ்எஃப் 12-இல் மொத்தம் 79 விநாடி தேவைப்படும்; நிமிடத்தில் இருப்பதோ 60. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று தளர்த்தினாலும், ஒவ்வொன்றும் தன் போக்கில் அனுப்பும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு செய்தி இன்னொன்றுடன் மோத நேரிடும். எஸ்எஃப் 7-இல் மோதுவது நூற்றுக்கு ஒன்றுதான். ஒரு கருவி மணிக்கு 1 சதவீத நேரமே அலையில் இருக்கலாம் என்ற விதி உள்ள இடங்களில், எஸ்எஃப் 12-இல் ஒரு பதிவி மணிக்கு 27 செய்திகளுக்கு மேல் அனுப்ப முடியாது.

அப்படியானால் அருகில் இருப்பவற்றுக்கு 7, தொலைவில் இருப்பவற்றுக்கு 12 எனக் கலந்து வைக்கலாமே என்று தோன்றும். பல அலைவரிசைகளையும் பல காரணிகளையும் ஒரே நேரத்தில் கேட்கும் கேட்வே, அதாவது மைய ஏற்பி, இருந்தால் அதுவே சிறந்த வழி. ஆனால் சிறிய வலையமைப்புகளில் ஏற்பியாக இருப்பது பதிவியில் உள்ள அதே எளிய சில்லு. அது ஒரு சமயத்தில் ஒரே காரணியைத்தான் கேட்கும். ஆகவே மிகத் தொலைவிலுள்ள ஒரே ஒரு பதிவிக்காக மற்ற எல்லாப் பதிவிகளும் மெதுவாகப் பேச வேண்டியதாகிறது.

அந்த ஒன்றை வேறு வழியில் எட்டுவதே மேல். அனுப்பும் திறனை 13 டிபிஎம்மிலிருந்து (ஒரு மில்லி வாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு) 20-க்கு உயர்த்தினால் 7 டெசிபல் கிடைக்கும். ஆனால் பரவலாகப் பயன்படும் எஸ்எக்ஸ்1276 சில்லில் மின்னோட்டம் 29 மில்லி ஆம்பியரிலிருந்து 120-க்கு ஏறும், சட்டம் அனுமதிக்கும் வரம்பையும் மீறக்கூடும். ஏற்பியின் ஆன்டெனாவைத் தடைகளுக்கு மேலே உயர்த்துவதற்கு மின்சாரமே தேவையில்லை, அதோடு எல்லா இணைப்புகளும் ஒருசேர மேம்படும். செய்தியைக் கேட்டுத் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை இடையில் வைப்பது மூன்றாவது வழி. ஆனால் அது எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால், 11 மில்லி ஆம்பியர் வீதம் நாளொன்றுக்கு 264 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும். சூரியத் தகடு இல்லாத இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் சிலர் முன்வைப்பார்கள். விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இதே செய்தி 2 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் 868 மெகாஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டால் வெற்றுவெளியிலேயே சுமார் 9 டெசிபல் இழப்பு கூடுகிறது, வைஃபை இரைச்சலும் சேர்கிறது. ஒரே கட்டடத்துக்குள் நிற்கும் வலையமைப்புக்கு அது போதும்.

எந்தக் காரணியைத் தேர்ந்தாலும், எல்லாப் பதிவிகளும் சரியாகப் பத்தாவது நிமிடத்தில் விழித்தெழும்படி வைத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. அத்தனையும் ஒன்றாக மோதும். பத்து நிமிடத்தை 60 பதிவிகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 10 விநாடி கிடைக்கும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரம் நாளுக்கு 1.7 விநாடி விலகுவதால், தினம் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்தால் எஸ்எஃப் 12 கூட மோதாது. அந்த ஒழுங்கு இருக்கும் வலையமைப்பில் எஸ்எஃப் 12-க்கு எதிராக மிஞ்சுவது பேட்டரிக் கணக்கும் அந்த 1 சதவீத வரம்பும்தான்.