பாதுகாப்புத்துறை நிலைக்குழுவின் அறிக்கைகள்: மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு மதிப்புரை

பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அரசுச் சேவைகளில், நாடாளுமன்றப் பாதுகாப்புத்துறை நிலைக்குழு வெளியிடும் அறிக்கைகளைப் போல் பயனுள்ள இன்னொன்றை நான் கண்டதில்லை. ஆனால் யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்கள் கையில் எட்டாத விதத்திலேயே அது இன்றுவரை வழங்கப்பட்டு வருகிறது. உச்சிப்புளியில் 2009இல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம், அங்கே 2012இல் அமைக்கப்பட்ட ஆளில்லா விமானப் பிரிவு, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் ஓடுவதற்கென்றே வைத்திருக்கும் ஹோவர்கிராப்ட் எனும் காற்றுமெத்தைக் கலம் என்று இராமநாதபுரம் கடற்கரையில் பாதுகாப்புச் செலவின் அடையாளங்கள் எங்கும் தென்படுகின்றன. இவற்றுக்கான பணத்தை யார் கேட்கிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர் முதலில் எடுக்க வேண்டியவை இந்த அறிக்கைகள்தாம்.

துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் பதினேழாகத் தொடங்கி, 2004இல் இருபத்துநான்காக விரிவடைந்தன. பாதுகாப்புத்துறைக் குழுவில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இடம்பெறுகின்றனர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. வரவு செலவுத் திட்டம் தாக்கலான பிறகு அவைகள் இடைவேளைக்குப் பிரியும்போது, இக்குழு அமைச்சக அதிகாரிகளையும் முப்படைகளின் பிரதிநிதிகளையும் நேரில் அழைத்து, ஒவ்வொரு மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்காக அமைச்சகம் மக்களவையிடம் கேட்கும் ஒவ்வொரு தொகையையும் பற்றிக் கேள்வி கேட்கிறது. அமர்வுகள் மூடிய கதவுக்குள் நடந்தாலும், அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில்களும் வாக்குமூலப் பகுதிகளும் அறிக்கையில் அச்சாகின்றன. இரகசியம் கருதி நீக்கப்பட்ட இடங்களில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். அவற்றைத் தாண்டியும் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.

இந்த அறிக்கைகளின் முதல் பயன், பெருந்தொகைகளைப் பிரித்துக் காட்டுவது. 2025-26ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட ரூ.6,81,210 கோடி என்ற எண் நாளிதழ்த் தலைப்புகளில் ஒரே தொகையாக வந்து போனது. அது நான்கு கோரிக்கைகளின் கூட்டுத்தொகை: படைகளின் வருவாய்ச் செலவு ரூ.3,11,732 கோடி, மூலதனச் செலவு ரூ.1,80,000 கோடி, ஓய்வூதியம் ரூ.1,60,795 கோடி, அமைச்சகத்தின் சிவில் பிரிவுக்கு ரூ.28,683 கோடி. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு ஆகியவை அடங்கிய வருவாய்ச் செலவும் ஓய்வூதியமும் சேர்ந்து நூறு ரூபாயில் எழுபது ரூபாயை நெருங்கிவிடுவதால், புதிய கப்பல், விமானம், ஆயுதம் வாங்குவதற்கு மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அதிலும் முந்தைய ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைகளைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புலப்படும்; அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவது இக்குழுதான்.

அதற்குச் சிறந்த சான்று 2018ஆம் ஆண்டின் அறிக்கை. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரலான பி.சி.கண்டூரி தலைமையிலான குழுவின் முன், தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் சாட்சியம் அளித்தார். படையிடம் உள்ள தளவாடங்களில் 68 விழுக்காடு பழங்காலத்தவை, 24 விழுக்காடு நடப்புக் காலத்தவை, 8 விழுக்காடு மட்டுமே அதிநவீனமானவை என்று அவர் சொன்னார். நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கப்பட்ட ரூ.21,338 கோடி, நடைமுறையில் இருந்த 125 திட்டங்களுக்கு ஏற்கெனவே கொடுக்க வேண்டியிருந்த ரூ.29,033 கோடிக்குக்கூடப் போதாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சீருடையில் இருக்கும் மூத்த அதிகாரி ஒருவர், தம் அமைச்சகத்தின் ஒதுக்கீடு போதாது என்று மக்கள் பிரதிநிதிகளின் முன் சொல்ல, அது அச்சாகி எல்லோருக்கும் கிடைப்பது சாதாரணச் செய்தி அன்று. மேடைகளில் பேசப்படும் பாதுகாப்புக்கும் கணக்கேட்டில் இருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள இடைவெளியை எனக்குத் தெரிந்து வேறெந்த வெளியீடும் இவ்வளவு நேர்மையாகக் காட்டியதில்லை.

இருப்பினும், மானியக் கோரிக்கை அறிக்கையோடு நின்றுவிடும் வாசகர் பாதியைத்தான் படித்திருப்பார். குழு பரிந்துரைத்தவற்றுக்கு அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வகைப்படுத்தி, மேல்நடவடிக்கை அறிக்கை என்ற தனி வெளியீட்டைக் குழு கொண்டுவருகிறது. அரசு ஏற்றுக்கொண்டவை, பதிலைக் கண்டு குழு மேற்கொண்டு வலியுறுத்தாமல் விட்டவை, பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை என்று அதன் இரண்டு முதல் ஐந்து வரையிலான அத்தியாயங்கள் பிரிகின்றன. நான்காம் அத்தியாயத்தில் வருவது குழு ஏற்காத பதில்கள். என் மதிப்பீட்டில் இச்சேவை முழுவதிலும் விலைமதிப்புள்ள பக்கங்கள் இவையே. கண்காணிப்பு என்ற சொல்லுக்கு உரிய பொருள் இங்கே இருக்கிறது: கேள்வி, அமைச்சகத்தின் மழுப்பலான மறுமொழி, "இது போதாது" என்ற குழுவின் மறுப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஆண்டு இறுதியில் செலவாகாத மூலதனப் பணம் காலாவதியாகாமல் தொடரும்படி ஒரு நிதியம் வேண்டும் என்பது குழு பலமுறை வலியுறுத்திய பரிந்துரை. கப்பல் ஒன்றை வாங்கி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்போது, மார்ச் 31 அன்று கணக்கை மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பொருந்தாது என்பதே அதன் அடிப்படை. பதினைந்தாவது நிதி ஆணையமும் இதே நோக்கில், 2021-26 காலத்துக்கு ரூ.2,38,354 கோடியில் நவீனமயமாக்கல் நிதியம் ஒன்றைப் பரிந்துரைத்தது.

குறைகளைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும். இக்குழு பணம் ஒதுக்குவதில்லை, ஒதுக்குவது மக்களவை. குழுவின் அறிக்கை வெட்டுத் தீர்மானத்தின் தன்மையில், அதாவது கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் விதத்தில், எதையும் சொல்லக் கூடாது என்று விதியே தடுக்கிறது. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. தளபதியின் சாட்சியம் வெளிவந்த 2018 மார்ச்சிலேயே, எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் மக்களவையில் விவாதமின்றி, கில்லட்டின் முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேற்றப்பட்டன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குப் பன்னிரண்டு துணைக்குழுக்கள் உண்டு. அவற்றுள் பாதுகாப்புக்கான துணைக்குழு ஒதுக்கீட்டுச் சட்டமுன்வடிவைத் தானே எழுதுகிறது. அதிபர் கேட்ட தொகையைக் கூட்டவும் குறைக்கவும், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று வரையறுக்கவும் அதற்கு வழி இருக்கிறது. தரைப்படைக்கான ஒதுக்கீடு இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பே கட்டளையிடுவதால், தளபதிகள் மீண்டும் மீண்டும் அக்குழுவின் முன் வந்தாக வேண்டும். நம் குழுவுக்கு அந்த அதிகாரம் அப்படியே வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நாடாளுமன்ற முறையில் நிதி முன்மொழிவு அமைச்சரவையின் பொறுப்பு. ஆனால் குழுவின் அறிக்கையை விவாதிக்க ஒரு முழு நாளாவது ஒதுக்கிய பிறகே பாதுகாப்புக் கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கேட்பது நியாயமானதே. ஆண்டுதோறும் குழு புதிதாக அமைக்கப்படுவதும் ஒரு குறை. பொருளைக் கற்றுத் தேறும் நேரத்தில் உறுப்பினர் மாற நேர்கிறது.

எங்கள் கடற்கரையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலோரக் காவல்படையின் ஒதுக்கீடு முப்படைகளின் கணக்கில் வராமல், அமைச்சகத்தின் சிவில் பிரிவில் வருகிறது. 2024-25இல் ரூ.7,651.80 கோடியாக இருந்த அது 2025-26இல் ரூ.9,676.70 கோடியாக உயர்ந்தது. அதில் மூலதனம் ரூ.3,500 கோடியிலிருந்து ரூ.5,000 கோடியானது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயினும் பாதுகாப்பு அமைச்சகத்தின் மொத்தத்தில் இது நூற்றுக்கு ஒன்றரை ரூபாயைக்கூட எட்டவில்லை என்பதை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடும்போதுதான் உணர முடிகிறது. மேலும், மாநிலக் கடலோரக் காவல் நிலையங்களுக்கு உதவும் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தது. எல்லை தாண்டியதாகக் கைதாகும் இராமேசுவரம் மீனவர்களின் விடுதலை வெளியுறவுத்துறையின் பொறுப்பு. ஒரே கடலைப் பற்றி அறிய மூன்று குழுக்களின் அறிக்கைகளைத் தேட வேண்டியிருப்பதால், புதிய வாசகர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நாடாளுமன்ற இணையதளத்தில் குழுவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், மக்களவை வாரியாக அறிக்கைகள் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. கட்டணமோ பதிவோ தேவையில்லை. மொழிதான் பெரிய தடை. அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியாகின்றன. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர், கடலில் தம்மை நிறுத்திச் சோதிக்கும் படைக்கு எத்தனை கலங்கள் போதாமல் இருக்கின்றன என்பதைத் தம் மொழியில் படிக்க வழியில்லை. உள்ளடக்கத்துக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் தர எனக்குத் தயக்கமில்லை. மக்களிடம் கொண்டுசேர்க்கும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதன்முறை படிப்பவர் பரிந்துரைகள் அடங்கிய இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கி, பிறகு அதற்குரிய மேல்நடவடிக்கை அறிக்கையின் நான்காம் அத்தியாயத்துக்குச் செல்லலாம். முதற்பகுதியின் அட்டவணைகளை அதன்பின் பார்த்தால் களைப்புத் தோன்றாது. மானியக் கோரிக்கை அறிக்கைகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வெளியாகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கடலோரக் காவல்படைக்கான பகுதியையாவது அந்த நாள்களுக்குள் தமிழில் சுருக்கி வெளியிடும்படி மக்களவைச் செயலகத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை இராமநாதபுரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக எழுத்தில் அனுப்புவதே சரியான முறை.